தொழிலில் ஊக்கம் எங்கிருந்து பிறக்கிறது?

ஒரே சங்கம், ஒரே நூல், ஒரே அளவுள்ள பாவு, ஒரே கூலி. ஆயினும் அடுத்தடுத்த இரண்டு வீடுகளில் நெய்யப்பட்ட இரு வேட்டிகளைச் சங்கத்து மேஜைமீது விரித்துப் பார்த்தால், ஒன்றில் கரை நேராகவும் ஊடை நெருக்கமாகவும் இருக்கிறது. மற்றொன்றில் இழை விட்ட இடங்களும் தளர்ந்த ஓரமும் தென்படுகின்றன. இருவருக்கும் கைத்திறமையில் வேற்றுமை இல்லை என்பதைச் சங்கத்தார் அனைவரும் அறிவர். அவ்வாறாயின் துணியில் வேற்றுமை எங்கிருந்து வந்தது? "அவருக்கு அக்கறை இல்லை" என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அந்த அக்கறை ஏன் இல்லாமற் போயிற்று என்று கேட்பதில்லை.

அதைக் கேட்டவர்கள் உண்டு. மனிதன் எதனால் ஊக்கங்கொண்டு உழைக்கிறான் என்னும் கேள்வியை இருபதாம் நூற்றாண்டு முழுவதும் ஆலை நிர்வாகிகளும் மனோதத்துவ அறிஞர்களும் ஆராய்ந்து வந்தனர். அவர்களுடைய ஆராய்ச்சிகள் பெரும்பாலும் முதலாளிகளின் ஆலைகளில் நடந்தவை. கூட்டுறவுச் சங்கங்களை மனத்திற்கொண்டு செய்யப்பட்டவை அல்ல. ஆயினும் அவற்றைக் கற்பது நமக்கு அவசியம். சங்கத்தின் அங்கத்தினர் ஒரே சமயத்தில் உழைப்பவராகவும் உரிமையாளராகவும் இருக்கிறார். ஆலை முதலாளி வெளியிலிருந்து தேடிக் கொண்டுவர முயன்ற ஊக்கம், நம் சங்கங்களில் உள்ளேயே இருந்திருக்க வேண்டும். அது இருக்கிறதா, இல்லையெனில் எங்கே தடைப்பட்டது என்பதைக் காண்பதே இப்பாடத்தின் நோக்கம்.

கூலி ஒன்றே போதுமா?

முதலில் வந்த கொள்கை மிக எளியது. கூலியை உயர்த்தினால் உழைப்பு உயரும் என்பதே அது. இதனை ஒரு முறையாக வகுத்தவர் அமெரிக்கப் பொறியியலாளர் பிரெடெரிக் டெய்லர். 1899-ஆம் ஆண்டில் பெத்லஹேம் இரும்பாலையில், வார்ப்பிரும்புக் கட்டிகளைச் சுமந்து ரயில் வண்டிகளில் ஏற்றும் வேலையை அவர் ஆராய்ந்தார். ஒருவர் நாளொன்றுக்குச் சராசரி 12½ டன் ஏற்றி வந்தனர். எப்போது தூக்குவது, எப்போது நடப்பது, எப்போது இளைப்பாறுவது என்று வரையறுத்து, அதன்படி செய்பவர் 47½ டன் ஏற்றலாம் என்று அவர் கூறினார். அதற்கேற்ப நாட்கூலியும் 1 டாலர் 15 சென்ட்டிலிருந்து 1 டாலர் 85 சென்ட்டாக உயர்த்தப்பட்டது. 1911-இல் வெளிவந்த தம் நூலில் இதனை அவர் விரிவாக எழுதினார்.

இக்கணக்கை நாம் சற்று நின்று பார்க்கவேண்டும். வேலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. கூலியோ நூற்றுக்கு அறுபது அளவே உயர்ந்தது. மீதிப் பயன் யாருக்குச் சென்றது என்பதைச் சொல்லத் தேவையில்லை. மேலும், பழைய பதிவேடுகளைப் பிற்காலத்தில் சோதித்த ஆராய்ச்சியாளர்கள், டெய்லர் கூறிய கதை பல இடங்களில் மெருகூட்டப்பட்டது என்று காட்டியிருக்கின்றனர். இருந்தும் அவர் பணியில் நாம் கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. மண்வெட்டி வேலையில், ஒரு வாரலுக்கு 21 பவுண்டு பளு இருந்தால்தான் நாள் முழுவதும் மிகுதியாக அள்ள முடியும் என்று கண்டு, பொருளுக்கேற்ற அளவில் வெவ்வேறு மண்வெட்டிகளை அவர் செய்வித்தார். கருவி கோணலாயிருக்கும்போது ஆளைக் குறை கூறுவது பிழை என்பது இதன் கருத்து. தேய்ந்த அச்சையும் அடிக்கடி அறும் நூலையும் கொடுத்துவிட்டு, நெசவாளருக்கு ஊக்கமில்லை என்று பேசும் சங்கம் இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

டெய்லர் முறையில் ஒரு பெருங்குறையும் இருந்தது. வேலையைப் பற்றிச் சிந்திப்பவர் ஒருவர், கைகளால் செய்பவர் மற்றொருவர் என்று அது மனிதரை இரண்டாகப் பிரித்தது. உழைப்பவருடைய அறிவுக்கு அங்கே இடமில்லை.

ஒளியும் உற்பத்தியும்

அடுத்த பாடம் சிகாகோ நகரை அடுத்த ஹாதோர்ன் தொழிற்சாலையில் கிடைத்தது. தொலைபேசிக் கருவிகள் செய்யும் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனிக்குச் சொந்தமான இத்தொழிற்சாலையில், வெளிச்சம் கூடினால் உற்பத்தி கூடுமா என்று அறியும் பரிசோதனை 1924-இல் தொடங்கியது. வெளிச்சத்துக்கும் உற்பத்திக்கும் நேரான தொடர்பு எதுவும் தென்படவில்லை. வெளிச்சம் குறைக்கப்பட்டபோதும் உற்பத்தி குறையாத நிலைகளைக் கண்டு ஆராய்ச்சியாளர் திகைத்தனர்.

பின்னர் 1927 முதல் 1932 வரையில், சிறு மின் கருவிகளைக் கோக்கும் ஐந்து பெண்களைத் தனி அறையில் அமர்த்தி, இடைவேளை, சிற்றுண்டி, வேலை நேரம் ஆகியவற்றை மாற்றி மாற்றிப் பார்த்தனர். உற்பத்தி படிப்படியாக உயர்ந்தது. இடைவேளைகளை நீக்கியபோதும் அது பழைய நிலைக்கு இறங்கிவிடவில்லை. இவ்வாராய்ச்சியை விளக்கி உலகறியச் செய்த எல்டன் மேயோ முதலியோர், அப்பெண்களிடம் அபிப்பிராயம் கேட்கப்பட்டதும், அவர்களுக்குள் நட்புறவு வளர்ந்ததுமே காரணம் என்றனர். நெடுங்காலம் இவ்விளக்கமே பாடப்புத்தகங்களில் இருந்துவந்தது.

உண்மை அவ்வளவு எளியதன்று. பரிசோதனையின் நடுவில், ஒத்துழைக்கவில்லை என்று இரு பெண்கள் மாற்றப்பட்டு வேறிருவர் அமர்த்தப்பட்டனர். பெரிய பிரிவின் மொத்த உற்பத்தியைக் கொண்டு கணக்கிடப்பட்ட ஊதியம், அச்சிறு குழுவின் உற்பத்தியைக் கொண்டே கணக்கிடப்படலாயிற்று. 1929-க்குப் பின் அமெரிக்காவைப் பொருளாதார மந்தம் சூழ்ந்து, வேலை போய்விடுமோ என்ற அச்சமும் பரவிற்று. ஆகவே பரிவு ஒன்றே உற்பத்தியை உயர்த்திற்று என்று அதனைக்கொண்டு நாம் சொல்லிவிட முடியாது. தம் உழைப்பின் பலன் தம் கைக்கே வந்ததும் ஒரு காரணமாயிருக்கலாம்.

அதே தொழிற்சாலையில் 1931, 1932-ஆம் ஆண்டுகளில் 14 ஆண் தொழிலாளரைக் கொண்ட மற்றோர் அறையைக் கவனித்தனர். அங்கே கண்டது நமக்கு இன்னும் நெருக்கமானது. அவர்கள் தம்முள் ஒரு நாள் வேலைக்கு ஓர் அளவை வகுத்துக்கொண்டு, அதற்கு மேல் செய்யாதிருந்தனர். மிகுதியாகச் செய்த தோழரைக் கேலி செய்தும், தோளில் குத்தியும் அடக்கினர். சோம்பல் அதற்குக் காரணமன்று. வேலையளவு கூடினால் கூலி விகிதம் குறைக்கப்படும், அல்லது சிலருக்கு வேலை போகும் என்ற அச்சமே அவர்களை அவ்வாறு நடக்கச் செய்தது. உழைத்தால் தண்டனை என்று அஞ்சுமிடத்தில், உழைப்பைக் குறைப்பதே அறிவுடைய செயலாகத் தோன்றும்.

மூன்று அறிஞர்கள்

இனி, நிர்வாகக் கல்வியில் அடிக்கடி பேசப்படும் மூன்று கொள்கைகளைச் சுருக்கமாகக் காண்போம்.

1943-இல் ஆபிரகாம் மாஸ்லோ என்னும் அமெரிக்க மனோதத்துவ அறிஞர், மனிதனுடைய தேவைகளை ஐந்து படிகளாக வகுத்தார். பசி, உறக்கம் முதலிய உடல் தேவைகள், பாதுகாப்பு, அன்பும் உறவும், மதிப்பு, தன் ஆற்றல் முழுவதும் மலரும் நிறைவு என்பன அவை. கீழ்த் தேவை ஓரளவு நிறைவேறிய பின்னரே மேல் தேவை வலிமை பெறும் என்பது அவர் கருத்து. பிற்கால ஆராய்ச்சிகள் இவ்வரிசை எல்லாரிடத்தும் அவ்வாறே அமைவதை உறுதிப்படுத்தவில்லை. அரைவயிற்று உணவோடு நெய்யும் கைவினைஞரும் தம் பெயர் கெடாதிருக்க வேண்டுமென்று ஒரு பிழையான அங்குலத்தைப் பிரித்து மறுபடி நெய்வதை நாம் அறிவோம். வயிறு நிறையும்வரை மானம் காத்திருப்பதில்லை.

1959-இல் பிரெடெரிக் ஹெர்ஸ்பர்க்கும் அவர் தோழர்களும், பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் சுமார் 200 பொறியியலாளரையும் கணக்கரையும் விசாரித்து எழுதிய நூல் வெளிவந்தது. வேலையில் வெறுப்பூட்டியவை எவை என்று கேட்டபோது, கம்பெனியின் விதிகள், மேற்பார்வை, சம்பளம், வேலைச் சூழ்நிலை போன்றவை பெரிதும் கூறப்பட்டன. மகிழ்ச்சியூட்டியவை எவை என்றபோது, ஒன்றைச் சாதித்தது, பாராட்டுப் பெற்றது, வேலையின் தன்மை, பொறுப்பு, முன்னேற்றம் ஆகியவை கூறப்பட்டன. வெறுப்புக்குரியவற்றை நீக்கினால் வெறுப்பு மட்டுமே நீங்கும். ஊக்கம் வேறோரிடத்திலிருந்து வரவேண்டும் என்று அவர் முடிவு செய்தார். மனிதர் நன்மையைத் தம் பெயரிலும் தீமையைப் பிறர் பெயரிலும் எழுதிக்கொள்வது இயல்பாதலால், இவ்விசாரணை முறையிலேயே குறையுண்டு என்று சொன்னவரும் உளர்.

1960-இல் டக்ளஸ் மக்கிரெகர் வேறொரு திசையிலிருந்து பேசினார். தொழிலாளர் எப்படிப்பட்டவர் என்று கேட்பதற்கு முன், நிர்வாகி அவரைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று கேட்போம் என்றார். மனிதன் இயற்கையில் வேலையை வெறுப்பவன், அவனை விரட்ட வேண்டும் என்று எண்ணுபவர் ஒரு சாரார். தனக்குப் பொருளுள்ள வேலையானால் மனிதன் தானே பொறுப்பேற்பான் என்று எண்ணுபவர் மறு சாரார். முதலாவது எண்ணத்தோடு ஒருவரைக் காவல் காத்து நடத்தினால், அவரும் காவலர் இல்லாத நேரம் பார்த்து நடப்பார். தாம் நினைத்ததே சரி என்று நிர்வாகியும் மகிழ்வார். சந்தேகம் தன் சாட்சியைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது.

ஆமதாபாத்தின் நெசவுக் கூடம்

இதுவரை கூறியவை அயல்நாட்டு ஆலைகளின் செய்திகள். இந்நாட்டிலேயே, அதுவும் நெசவுத் தொழிலிலேயே, உலகம் கவனித்த ஒரு பரிசோதனை நடந்திருக்கிறது. ஆமதாபாத் நகரின் காலிகோ கம்பெனியைச் சேர்ந்த ஜூபிலி ஆலையில் 1953-இல் அது நிகழ்ந்தது. அதனை நடத்தியவர் லண்டன் டாவிஸ்டாக் நிலையத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ் என்பவர். அவரை அழைத்தவர் கம்பெனியின் தலைவராயிருந்த கௌதம் சாராபாய்.

ஆலையில் 1952-இல் தானியங்கித் தறிகள் புகுத்தப்பட்டன. ஒரு கூடத்தில் 224 தறிகள். முறை ஒன்றுக்கு 29 தொழிலாளர். வேலை 12 தனித்தனி உத்தியோகங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. நெய்பவர், தறியில் தார் நிரப்புபவர், அறுந்த இழைகளை இணைப்பவர், புதுப் பாவை ஏற்றுபவர், துணி சுமப்பவர், தறியைச் செப்பனிடும் ஜாபர், அவர் துணைவர், எண்ணெய் இடுபவர், பெருக்குபவர் என்று அப்பட்டியல் நீண்டது. நல்ல தறி, நல்ல சம்பளம், பழகிய ஆட்கள் எல்லாம் இருந்தும், எதிர்பார்த்த அளவும் தரமும் வரவில்லை.

ரைஸ் குறையை ஆட்களிடம் தேடாமல் வேலையின் அமைப்பில் தேடினார். நெய்பவர் ஒருவர் 24 அல்லது 32 தறிகளைக் கவனித்தார். தார் நிரப்புபவர் ஒருவருக்கு 40 அல்லது 50 தறிகள். இழை இணைப்பவருக்கு அதனினும் அதிகம். ஆகவே ஒருவருடைய தறிகளின் எல்லை மற்றவருடைய எல்லையோடு பொருந்தவில்லை. ஒரு தறி நின்றால் நெய்பவர் யாரை அழைப்பது? அழைக்கப்பட்டவரோ வேறு பலருக்கும் கடமைப்பட்டவர். தறி நிற்பதால் நெய்பவருக்கு நட்டம். அதைச் சீர்செய்ய வேண்டியவருக்கு அந்நட்டம் எட்டுவதில்லை. இருபத்தொன்பது பேர் ஒரே கூடத்தில் இருந்தும், சேர்ந்து வேலை செய்யும் கூட்டமாக எவரும் இல்லை. ஒரு துணியைப் பார்த்து "இது எங்கள் வேலை" என்று சொல்லத்தக்க மனிதர் அங்கே இல்லை.

இங்கே கைத்தறி வீட்டை நினைத்துப் பார்ப்போம். ஒருவர் தார் சுற்ற, ஒருவர் பாவு பிணைக்க, ஒருவர் நெய்கிறார். வேலைகள் பலவாயினும் தறி ஒன்று, துணி ஒன்று. தறி நின்றால் வீட்டிலுள்ள அனைவருக்கும் தெரியும், அனைவரும் வருவர். ஆலை தன் தறிகளைப் பெருக்கியபோது இந்த ஒன்றிப்பை இழந்துவிட்டது.

ரைஸ் கூறிய யோசனை எளியது. குறிப்பிட்ட ஒரு தறித்தொகுதியை ஒரு சிறு குழுவிடம் முழுவதும் ஒப்படைக்கலாம் என்றார். இதனை மேற்பார்வையாளரிடமும் தொழிலாளரிடமும் பேசத் தொடங்கியபோது, எதிர்பாராத ஒன்று நடந்தது. தொழிலாளர் அந்த யோசனையைத் தமதாக்கிக்கொண்டு, யார் யாரோடு சேர்வது என்று தாங்களே பேசி, விரைவிலேயே ஏழேழு பேர் கொண்ட நான்கு குழுக்களாக அமைந்துவிட்டனர். ஒவ்வொரு குழுவுக்கும் சுமார் 60 தறிகள். குழுவுக்கு ஒரு தலைவர். நெய்தல், நிரப்புதல், செப்பனிடுதல் ஆகிய வேலைகளை அவர்கள் தம்முள் பகிர்ந்துகொண்டனர். ஊதியப் படித்தரங்களும் குறைக்கப்பட்டு, ஒருவருக்கொருவர் வேலை பழகி உயர வழி ஏற்பட்டது.

தொடக்கத்தில் உற்பத்தி வேகமாக ஏறிற்று. ஆனால் ஆர்வ மிகுதியால் தறிகளின் பராமரிப்பு பின்தங்கிச் சேதமும் கூடிற்று. பிறகு உற்பத்தி இறங்கியது. நிர்வாகம் அவசரப்பட்டுப் பழைய முறைக்குத் திரும்பாமல், குறைகளை ஆராய்ந்து உதவிற்று. சில வாரங்களில் நிலைமை சீராயிற்று. முன்பு நூற்றுக்கு 80 அளவிலிருந்த தறிகளின் திறன் 95 அளவுக்கு உயர்ந்து நிலைத்தது; சேதம் முன்னிருந்ததைவிடக் குறைந்தது. தறிகள் அவையே, அமைப்பு மட்டுமே மாறிற்று.

இதற்கும் மறுப்புரை உண்டு என்பதை நாம் மறைக்கக்கூடாது. குழுமுறையோடு ஊதிய முறையும் மாறியதால், உயர்வில் எவ்வளவு பங்கு குழுவுக்கு, எவ்வளவு கூலிக்கு என்று பின்வந்தோர் வினவினர். அது நியாயமான வினாவே. ஹாதோர்னில் எழுந்த வினாவும் இதுவே அன்றோ? இரண்டு இடங்களிலும் பொறுப்பும் பலனும் சேர்ந்தே வந்தன. பலனைக் கொடாமல் பொறுப்பை மட்டும் கொடுத்துப் பார்த்த சோதனை இவற்றில் எதுவும் அன்று.

1970-இல் ரைஸின் தோழர் எரிக் மில்லர் மறுபடியும் ஆமதாபாத் சென்று, அம்முறை என்னவாயிற்று என்று பார்த்தார். 1975-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். குழுமுறை புகுத்தப்பட்ட சாதாரணத் தறிக்கூடம் ஒன்றில், ஆண்டுகள் பல கடந்தும் அமைப்பும் திறனும் மாறாது நிலைத்திருந்தன. தானியங்கித் தறிக்கூடங்களிலோ அது தேய்ந்து போயிருந்தது. சந்தையும் சரக்கும் மாறி நெருக்கடி வந்தபோது, குழுக்கள் தம் வேலையைத் தாமே நடத்திக்கொள்ளும் நிலை காக்கப்படவில்லை. ஊக்கம் என்பது ஒருமுறை கட்டிவைத்தால் நிலைத்துவிடும் கற்சுவர் அன்று. ஆண்டுதோறும் கரை போடவேண்டிய வரப்பு.

விளைவிப்போர் கணக்கு

நெசவாளருக்குக் கூறியது விளைவிப்போருக்கும் பொருந்துமா? 1964-இல் விக்டர் வ்ரூம் என்பவர் எழுதிய கொள்கை இங்கே துணை செய்கிறது. ஒருவர் முயற்சி செய்வதற்குமுன், அறிந்தோ அறியாமலோ மூன்று வினாக்களைத் தமக்குள் கேட்டுக்கொள்கிறார். நான் முயன்றால் வேலை நன்றாக வருமா? நன்றாக வந்தால் அதற்குரிய பலன் எனக்குக் கிடைக்குமா? அப்பலன் நான் விரும்புவதுதானா? மூன்றில் ஒன்றுக்கேனும் "இல்லை" என்று பதில் வந்தால் முயற்சி நின்றுவிடும்.

பருத்தி விளைவிக்கும் இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் இலைத்தூசி கலவாமல், பனி உலர்ந்தபின் எடுத்து, நல்ல பருத்தியையும் கறைப் பருத்தியையும் தனித்தனியே பிரித்துக் கொண்டுவருகிறார். மற்றவர் எல்லாவற்றையும் ஒன்றாக அடைத்து வருகிறார். கொள்முதல் நிலையத்தில் இருவருக்கும் ஒரே விலை போட்டால், அடுத்த பருவத்தில் முதலாமவரும் ஒன்றாகவே அடைப்பார். அவர் மனம் கெட்டுவிட்டதென்று நாம் சொல்வது தகாது. விலைதான் அவருக்கு அப்பாடத்தைக் கற்பித்தது.

1963-இல் ஸ்டேஸி ஆடம்ஸ் என்பவர் கூறிய மற்றொரு கருத்தும் இதனோடு சேரும். மனிதன் தனக்குக் கிடைத்ததை மட்டும் பார்ப்பதில்லை. தன் உழைப்பையும் பலனையும் அயலாருடைய உழைப்போடும் பலனோடும் ஒப்பிட்டுப் பார்க்கிறான். நியாயம் தவறியதென்று கண்டால் உழைப்பைக் குறைக்கிறான், அல்லது விலகிவிடுகிறான். நல்ல நூல் வேண்டியவர்களுக்கும் மட்டமான நூல் மற்றவர்களுக்கும் போகிறதென்ற பேச்சு ஒரு சங்கத்தில் எழுந்துவிட்டால், கூலியைச் சற்று உயர்த்துவதால் மட்டும் அப்புண் ஆறாது.

குஜராத்தின் கேடா மாவட்டப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு யூனியன் 1946-இல் பதிவு செய்யப்பட்டது. அதன் வழிவந்த கிராமச் சங்கங்களில், பாலின் அளவோடு கொழுப்புச் சத்தும் சோதிக்கப்பட்டு விலை கணக்கிடப்படுகிறது. ஒரு மாடு வைத்திருப்பவருக்கும் பல மாடு வைத்திருப்பவருக்கும் அளவுகோல் ஒன்றே. நீர் கலந்தால் தமக்கே நட்டம், நல்ல தீவனம் போட்டால் தமக்கே லாபம் என்பதை உற்பத்தியாளர் ஒவ்வொருவரும் கண்ணால் காண்கிறார். வ்ரூமின் இரண்டாவது வினாவுக்கு அங்கே நாள்தோறும் பதில் கிடைக்கிறது.

நம் சங்கங்களில் என்ன செய்வது?

இக்கொள்கைகள் அனைத்தையும் ஒருங்கே நோக்கினால் ஓர் உண்மை தெளிவாகிறது. நியாயமான கூலி அடித்தளம். அதற்கு ஈடாக வேறொன்றையும் வைக்க முடியாது. ஆனால் அடித்தளத்தின்மேல் வீடு எழும்ப, தம் வேலையை முழுவதும் தமதென்று கருதும் நிலையும், அதைப்பற்றிப் பேசும் உரிமையும் வேண்டும்.

முதற்பகுதியை மறப்பது பெரும்பிழை. நெசவாளர் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் தறியை விட்டு வேறு தொழிலுக்குச் செல்வதை நாம் கண்ணாரக் காண்கிறோம். போதாத வருமானமும் ஒழுங்காகக் கிடைக்காத வேலையுமே அதற்குத் தலையாய காரணங்கள். அவர்களிடம் சென்று மாஸ்லோவின் படிகளை விளக்குவது கேலியாகும். "ஊக்கம்" என்னும் சொல்லைக் குறைந்த கூலிக்கு அதிக வேலை வாங்கும் தந்திரமாக ஆலைகள் சில பயன்படுத்தியதுண்டு. கூட்டுறவுச் சங்கம் அவ்வழியில் அடியெடுத்து வைக்கலாகாது.

இரண்டாம் பகுதியை மறப்பது அதனினும் நுட்பமான பிழை. பங்குத்தொகை செலுத்தியவர் அங்கத்தினர். சங்கத்தின் சொந்தக்காரர்களில் ஒருவர். ஆனால் நூல் வாங்கும்போதும் துணி கொடுக்கும்போதும் அவர் வாசலில் காத்து நின்று, காரணம் கூறப்படாமல் கூலியில் பிடித்தம் செய்யப்பட்டு, கேள்வி கேட்டால் பதில் பெறாமல் திரும்புவாராயின், அவருடைய சொந்தம் ஏட்டில் மட்டுமே இருக்கிறது. அவர் கண்ணுக்குச் சங்கமும் ஒரு முதலாளிதான். அப்படிப்பட்டவர் ஆண்டில் ஒருநாள் மகாசபையில் கையெழுத்திடுவதால் உரிமையாளராகிவிடமாட்டார். தனி வியாபாரி சிறிது கூடுதலாகக் கொடுத்தால் அவர் அங்கே போவார். போனபின் அவரைத் துரோகி என்பதில் பயனில்லை.

ஆகவே செய்யத்தக்கவை சிலவற்றைக் கூறுவோம். கூலி விகிதமும் பிடித்த விதிகளும் எல்லாரும் படிக்கும்படி சுவரில் எழுதப்பட வேண்டும். துணியில் குறை கண்டால், நெய்தவர் முன்னிலையில் துணியை விரித்து, குறை நூலினுடையதா, அச்சினுடையதா, கையினுடையதா என்று சேர்ந்து பார்க்க வேண்டும். புதிய கரை, புதிய நிறம் என்று தீர்மானிக்குமுன் அதனை நெய்யப் போகிறவர்களைக் கேட்க வேண்டும். எத்தனை நாள் பிடிக்கும் என்பதை அவர்களே நன்கறிவர். ஒருவர் விரைந்து நெய்யும் வழி கண்டால் அதற்காகக் கூலி விகிதத்தைக் குறைக்கலாகாது. ஹாதோர்ன் அறையின் பதினால்வரை நினைவிற்கொள்க. விளைபொருளானால், விளைவித்தவர் முன்னிலையிலேயே நிறுத்துத் தரம் பிரித்து, காரணத்தையும் சொல்ல வேண்டும். போனஸ் வழங்கும் ஆண்டில் அத்தொகை எவ்வாறு வந்தது என்றும், வழங்காத ஆண்டில் ஏன் வரவில்லை என்றும் கணக்கோடு விளக்க வேண்டும்.

இவற்றில் பலவற்றுக்குப் பணச்செலவே இல்லை. நேரமும் பொறுமையும் மட்டுமே செலவாகும். அங்கத்தினருக்கும் இதில் கடமை உண்டு. பேசும் உரிமை கேட்பவர், பேசியபின் ஏற்றுக்கொண்ட பொறுப்பையும் சுமக்க வேண்டும். ஆமதாபாத்தின் ஏழு பேர் குழுவில் ஒருவர் தளர்ந்தால் மற்ற ஆறு பேருக்கும் தெரியும். அங்கே மேற்பார்வை மறைந்துவிடவில்லை. அது தோழர்களின் கைக்கு மாறிற்று.

1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கூட்டுறவுக் கடை தொடங்கிய 28 பேரில் நெசவாளரும் இருந்தனர். தம்மை யாரேனும் ஊக்குவிப்பார் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. கடை தமது, கணக்குத் தமது, தீர்மானமும் தமது என்பதே அவர்களுக்கு ஊக்கமாயிற்று. ஆலை நிர்வாகிகள் நூறாண்டு தேடிய பொருளின் பெரும்பகுதி நம் சங்க விதிகளிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஏட்டிலுள்ள அதனைத் துணி அளக்கும் மேஜைக்கும் தராசின் முன்னும் கொண்டுவருவது நம் கையில் இருக்கிறது. அதைச் செய்யும் நாளில், தொடக்கத்தில் நாம் விரித்த இரண்டாவது வேட்டியின் கரையும் நேராகத் தொடங்கும்.

அங்கத்தினர் வகுப்பில் ஆராய்வதற்கு

1. சென்ற ஆண்டில் நம் சங்கம் செய்த மாற்றங்களில், வேலை செய்பவர்களைக் கேட்டுச் செய்தவை எவை? கேளாமற் செய்தவை எவை? இரண்டின் பலனையும் ஒப்பிடுக.

2. கூலியில் பிடித்தம் செய்யப்பட்ட அங்கத்தினர், அதன் காரணத்தை அன்றே அறிந்துகொள்ள நம் சங்கத்தில் வழி உண்டா?

3. வ்ரூம் கூறிய மூன்று வினாக்களை உங்கள் தறியையோ வயலையோ பற்றிக் கேட்டுப் பாருங்கள். எந்த வினாவில் "இல்லை" என்ற பதில் வருகிறது? அதை மாற்றுவது யார் கையில் உள்ளது?

4. பாவு ஓட்டுதல், கஞ்சியிடுதல் போன்ற வேலைகளைச் சிறு குழுவினர் பொறுப்பில் முழுமையாக விடலாமா? விட்டால் அதன் பலனை எவ்வாறு பகிர்வது?